கப்பல்கள் கூடும் மூன்று நாளில் ஒரு நாள்தான் போக முடியும்: எதைத் தேர்ந்தெடுப்பது?

நெய்தல்:

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த மாதம் எங்கள் நகரத்துத் துறைமுகத்துக்குப் பல நாட்டுப் போர்க்கப்பல்களும் பெரிய பாய்மரக் கப்பல்களும் வருகின்றன. முதல் நாள் எல்லாம் உள்ளே வரும். நடு நாள் கரையோரம் கட்டிக் கிடக்கும், பொதுமக்கள் ஏறிப் பார்க்கலாம். மூன்றாம் நாள் வரிசையாகப் புறப்பட்டுப் போகும். இந்த மூன்றில் எனக்கு ஒரு நாள்தான் விடுப்பு கிடைக்கும்.

என்னோடு ஒன்பது வயது மகனும் மாமனாரும் வருகிறார்கள். மகன் எதைப் பார்த்தாலும் பெயர் கேட்பான். "அது என்ன கப்பல்? அதற்கு ஏன் மூன்று கம்பம்? அந்தக் கொடி எதற்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். பதில் சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் எதுவும் தெரியாது. மாமனாருக்கு முட்டி வலி. அரை மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது, செங்குத்தான படியில் ஏறவும் முடியாது. ஆனால் கடலைப் பார்த்துவிட்டால் அவரை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

முன்பு ஒரு முறை இப்படிப் போர்க்கப்பல்கள் வந்தபோது தூரத்திலிருந்து பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஏதோ நிற்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கும் விளங்கவில்லை. இந்த முறை அப்படி ஆகக்கூடாது.

எந்த நாள் போகலாம், எங்கே நிற்கலாம், எதைக் கவனிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொடிமரம்:

அக்கா, நடு நாள் போங்க. பையன் கப்பலின் தளத்தில் கால் வைக்க வேண்டும், அதுதான் முக்கியம். கயிறு அவன் கையைவிடத் தடிமனாக இருக்கும், பிடித்துப் பார்க்கட்டும். பாய்மரக் கப்பல்களில் இருக்கும் பயிற்சி மாலுமிகள் பெரும்பாலும் சின்னப் பிள்ளைகள், கேட்டால் சலிக்காமல் சொல்வார்கள். டால் ஷிப்ஸ் என்ற பாய்மரக் கப்பல் பந்தயங்களில் கப்பலில் இருப்பவர்களில் பாதிப் பேராவது 15 முதல் 25 வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. உங்கள் மகனுக்கு அவர்கள் அண்ணன், அக்கா மாதிரிதான் தெரிவார்கள்.

அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், போர்க்கப்பல் நிற்கும் பக்கம் கேட்பார்கள். பெரிய பை வேண்டாம். தட்டையான அடி உள்ள ஷூ போடுங்கள். கப்பலின் உள்ளே படிகள் ஏணி போலச் செங்குத்தாக இருக்கும். இறங்கும்போது படியைப் பார்த்தபடி பின்னோக்கி இறங்க வேண்டும், பையனுக்கு முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

மாமனார் மேலே ஏற வேண்டாம். கரையில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

பழைய மாலுமி:

அம்மா, புறப்படும் நாளுக்குப் போங்கள்.

மேலே தம்பி சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடு நாளில் நீங்கள் பார்ப்பதில் பாதி வரிசையில் நிற்பவர்களின் முதுகாக இருக்கும். மாமனார் கரையில் உட்கார்ந்து, கட்டிக் கிடக்கும் கப்பலின் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நான் சரக்குக் கப்பல்களில் டெக் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் வேலையில் நெஞ்சு படபடக்கும் நேரம் என்றால் துறைமுகத்துக்குள் நுழைவதும் வெளியேறுவதும்தான். நடுக்கடலில் கப்பல் தன்பாட்டுக்குப் போகும். துறைமுகத்தில் நீர் குறுகல், நாலு பக்கமும் வேறு கப்பல்கள், காற்று ஒரு பக்கம் தள்ளும், நீரோட்டம் இன்னொரு பக்கம் இழுக்கும். பிரேக் என்று ஒன்று கிடையாது. அந்த நிலையில் ஆயிரக்கணக்கான டன் எடையை ஓர் அங்குலமும் இடிக்காமல் நகர்த்திக் கொண்டுபோகிறார்களே, அந்த வேலையைப் பாருங்கள். கட்டிக் கிடக்கும் கப்பலில் அந்த வேலை கண்ணுக்குத் தெரியாது.

அப்படியானால் வருகை நாளுக்கே போகலாமே என்று தோன்றும். வருகை நாளில் எல்லாம் ஒன்றாக வருவதில்லை. சில முந்தின ராத்திரியே வந்து வெளியே நங்கூரம் போட்டிருக்கும். சில ஓதத்துக்காகவும், துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட்டுக்காகவும் காத்திருந்து விடியற்காலையில் நுழைந்துவிடும். போர்க்கப்பல்கள் கடிகாரப்படி வரும், பாய்மரக் கப்பல்கள் காற்றுப்படி வரும். இரண்டையும் ஒரே நாளில் நெருக்கிப் போடாமல் பிரித்து வைப்பதும் உண்டு. சிட்னியில் 2013 அக்டோபரில் அப்படித்தான், பாய்மரக் கப்பல்கள் 3-ஆம் தேதியும் போர்க்கப்பல்கள் 4-ஆம் தேதியும் உள்ளே வந்தன. அந்த 4-ஆம் தேதிக்குக் காரணம் உண்டு. 1913-இல் அதே நாளில்தான் ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் அணி அதே துறைமுகத்துக்குள் நுழைந்தது. உங்கள் ஊர் நிகழ்ச்சி நிரலிலும் எந்த நேரம் எந்த வகைக்கு என்று பாருங்கள்.

புறப்படும்போதோ எல்லாம் கையருகே இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றை அவிழ்க்க வேண்டும், திரும்ப வேண்டும், கப்பல் போகும் ஆழமான வாய்க்கால் வழியே வெளியே போக வேண்டும். வெளியே போகும் பாய்மரக் கப்பலுக்குப் பாயை விரிக்கவும் மனம் வரும், இடமும் இருக்கும்.

ஆனால் முந்தின நாள் ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். மறுநாள் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று வானிலை அறிவிப்பில் பாருங்கள். கரையிலிருந்து கடல் பக்கம் வீசினால் அதிர்ஷ்டம், துறைமுகத்துக்குள்ளேயே பாய் விரிய வாய்ப்பு உண்டு. கடலிலிருந்து கரைக்கு வீசினால் பாய்களைச் சுருட்டி வைத்துக்கொண்டு எஞ்சினில் போவார்கள். சதுரப் பாய் கட்டிய கப்பல் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போகாது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 65 பாகையாவது விலகித்தான் அதால் ஓட முடியும். கூட்டத்தில் சிலர் "பாயே விரிக்கவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது காற்றின் முடிவு. அப்படிப்பட்ட நாளில் முகத்துவாரத்துக்கு வெளியே தெரியும் உயரமான இடமாகப் பிடியுங்கள். வெளியே போய்த் திசை திரும்பியதும் விரிப்பார்கள்.

எங்கே உட்காருவது என்றால், வாய்க்கால் வளையும் இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். வரைபடத்தில் பாருங்கள். வளைவின் வெளிக்கரையில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி, கொஞ்சம் மேடான இடம். கப்பல் அங்கே திரும்பும்போது முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். மாமனாருக்கு ஒரு மடக்கு நாற்காலி போதும்.

இனி மகனின் கேள்விகள். பாய்மரக் கப்பலை நிறத்தை வைத்துப் பார்க்காதீர்கள், கம்பங்களை எண்ணுங்கள். அப்புறம் ஒவ்வொரு கம்பத்திலும் குறுக்குக் கட்டைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்று கம்பம், மூன்றிலும் குறுக்குக் கட்டை என்றால் அது முழுச் சதுரப்பாய்க் கப்பல். இத்தாலியின் அமெரிகோ வெஸ்புச்சி அந்த வகை, 1931-இல் கடலில் இறங்கியது, கறுப்பு உடலில் வெள்ளைப் பட்டைகள். கடைசிக் கம்பத்தில் மட்டும் குறுக்குக் கட்டை இல்லாமல் நீளவாட்டில் பாய் கட்டியிருந்தால் "பார்க்". முதல் கம்பத்தில் மட்டும் குறுக்குக் கட்டை என்றால் "பார்க்கன்டைன்". இந்தோனேசியக் கடற்படையின் தேவருச்சி அப்படிப்பட்டது. இரண்டே கம்பம், இரண்டிலும் குறுக்குக் கட்டை என்றால் "பிரிக்". எல்லாக் கம்பத்திலும் பாய்கள் நீளவாட்டில் மட்டும் இருந்தால் "ஸ்கூனர்". இவ்வளவு தெரிந்தால் போதும், உங்கள் பையன் பக்கத்தில் நிற்கும் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவான்.

எனக்கு மிகவும் பிடித்தது ஒன்றைச் சொல்கிறேன். 1932 ஜூலையில் ஜெர்மன் கடற்படையின் நியோபே என்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல் திடீர்ச் சூறைக் காற்றில் கவிழ்ந்து 69 பேர் இறந்தார்கள். அதற்குப் பதிலாக, எளிதில் கவிழாத கப்பல் வேண்டும் என்று ஹாம்பர்க்கில் புளோம் உண்ட் ஃபோஸ் தளத்தில் 1933-இல் கோர்ஷ் ஃபோக் கட்டினார்கள். அதே குடும்பத்தில் அடுத்தடுத்து வேறு கப்பல்களும் வந்தன. 1936-இல் கட்டியது போருக்குப் பின் அமெரிக்கக் கடலோரக் காவல்படைக்குப் போய் ஈகிள் ஆனது. வெள்ளை உடலில் சாய்வான சிவப்புப் பட்டை இருந்தால் அதுதான். 1937-இல் கட்டியது பிரேசில் வழியாகப் போர்ச்சுகலுக்குப் போய் சாக்ரஸ் ஆனது. அதன் பாய்களில் பெரிய சிவப்புச் சிலுவைகள் தெரியும். 1938-இல் ருமேனியாவுக்காகக் கட்டியது மிர்ச்சா. முதல் கோர்ஷ் ஃபோக் இப்போது ஸ்ட்ரால்சுண்டில் காட்சிக்கு நிற்கிறது, மற்ற மூன்றும் பயிற்சிக் கப்பல்கள். ஒரே தளத்தில் பிறந்தவை, போர் முடிந்ததும் ஆளுக்கொரு கொடியின் கீழ். இவற்றில் இரண்டு உங்கள் துறைமுகத்தில் அடுத்தடுத்து நின்றால், கம்பங்களின் சாய்வையும் முன்பக்கத்தின் வளைவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் கடற்படையின் தரங்கிணி வந்தால் அதற்கும் உறவு உண்டு. 1997-இல் பணியில் சேர்ந்த பார்க் வகைக் கப்பல், கோவாவில் கட்டியது. வரைந்தவர் கோலின் மூடி என்ற பிரிட்டன் வடிவமைப்பாளர். ஆஸ்திரேலியாவின் யங் எண்டெவரை வரைந்தவரும் அவரே. சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் மாலுமியாகப் பயணம் செய்வதற்கென்றே கட்டப்பட்ட பிரிட்டனின் லார்ட் நெல்சனும் அவர் கைவேலைதான்.

போர்க்கப்பல்களுக்கு வருவோம். பல கடற்படைகளில் கப்பலின் பக்கத்தில் ஓர் எழுத்தும் எண்ணும் எழுதியிருக்கும். எஃப் என்றால் ஃபிரிகேட், டி என்றால் டெஸ்ட்ராயர், பி ரோந்து, எல் தரையிறங்கு கப்பல், ஏ துணைக் கப்பல். நம் சகியாத்ரி எஃப் 49, ஐஎன்எஸ் சென்னை டி 65. அமெரிக்கக் கப்பல்களில் வெறும் எண் மட்டும் இருக்கும். மேற்கட்டடத்தின் சுவரில் எட்டு மூலைத் தட்டையான பலகை பதித்தது போல இருந்தால் அது ஏஜிஸ் என்ற ஆயுத அமைப்பின் ரேடார். சுழலாது, ஒவ்வொரு பக்கமும் ஒரு பலகை நிலையாக நின்றபடியே பார்க்கும். பின்னால் தட்டையான தளம் ஹெலிகாப்டருக்கு. இதற்கு மேல் ஆயுதங்களைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை, எனக்கு அதில் ஆர்வமும் இல்லை.

கொடிகளைப் பாருங்கள், அவை பேசும். கட்டிக் கிடக்கும்போது போர்க்கப்பலின் மூக்கில் ஒரு சின்னக் கொடி பறக்கும். கரையோடு இருக்கும் கடைசிக் கயிறு விடுபட்டதும் அது இறங்கிவிடும். அந்த நொடியைத் தவறவிடாதீர்கள், கப்பல் இனிமேல் கரைக்குச் சொந்தமில்லை என்று அர்த்தம். பாதி வெள்ளை பாதி சிவப்பு என்று நெடுவாட்டில் பிரிந்த கொடி பறந்தால் உள்ளூர் பைலட் ஏறியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும் கப்பலின் முன்பக்கத்தில் கறுப்பு உருண்டை ஒன்று தொங்கும், "நான் நங்கூரத்தில் இருக்கிறேன்" என்று மற்றவர்களுக்குச் சொல்ல.

காதையும் தீட்டி வையுங்கள். சங்கு ஒரு குறுகிய ஒலி கொடுத்தால் "வலப்பக்கம் திரும்புகிறேன்". இரண்டு என்றால் இடப்பக்கம். மூன்று என்றால் "எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டுகிறேன்". ஐந்தோ அதற்கு மேலோ அடுத்தடுத்து வந்தால் "நீ என்ன செய்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை" என்று ஒருவர் இன்னொருவரைக் கேட்கிறார். கண்ணை மூடிக்கொண்டு மகன் சொல்லட்டும், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று.

இன்னொன்று மட்டும். சரக்குக் கப்பல் போர்க்கப்பலைக் கடக்கும்போது மரியாதைக்காகத் தன் கொடியைப் பாதி இறக்கும். போர்க்கப்பலும் பதிலுக்குத் தன் கொடியை இறக்கி ஏற்றும். அதன் பிறகுதான் நாங்கள் எங்கள் கொடியை மேலே ஏற்றுவோம். நான் இளைஞனாக இருந்தபோது அந்தக் கயிற்றைப் பிடித்து நிற்கும் வேலை என்னுடையது. எதிர்க்கப்பலின் பின்புறம் ஒரு மாலுமி ஓடி வந்து அவர்கள் கொடிக்கயிற்றைப் பிடிப்பது தெரியும். யாரென்று தெரியாது, எந்த மொழி பேசுவான் என்று தெரியாது, ஆனால் அவன் எனக்குத்தான் பதில் சொல்கிறான். வழக்கொழிந்து வருகிறது என்றாலும் இப்படிப்பட்ட நாட்களில் இன்னும் நடக்கிறது. போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் ஏதாவது சரக்குக் கப்பலோ பாய்மரக் கப்பலோ போனால் இரண்டின் பின்பக்கத்தையும் பாருங்கள்.

நெய்தல்:

ஐயா, இதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். கொடி இறக்கும் பகுதியை இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். மிக்க நன்றி.

அவர் ஒரு கேள்வி கேட்கச் சொன்னார். கப்பல் நகரும்போது பிள்ளைகள் அந்த உயரத்தில் குறுக்குக் கட்டையில் நிற்கிறார்களே, நியூயார்க்கில் விபத்து நடந்ததே, இதெல்லாம் தேவையா? பேரன் பக்கத்தில் இருக்கும்போது அப்படி ஏதாவது நடந்தால் என்ன செய்வது என்று அவருக்குக் கவலை.

பழைய மாலுமி:

அவர் கவலை சரியானதுதான். 2025 மே 17 இரவு, மெக்சிகோ கடற்படையின் குவாவ்தெமோக் என்ற பயிற்சிப் பாய்மரக் கப்பல் நியூயார்க்கில் கரையை விட்டுக் கிளம்பிய சற்று நேரத்தில் பின்னோக்கியே போய் புரூக்லின் பாலத்தில் மோதியது. பாலத்தின் அடிப்பக்கத்தைவிடப் பாய்மரங்கள் உயரம். மூன்றின் உச்சியும் முறிந்தன. வணக்கம் சொல்வதற்காகப் பயிற்சி மாலுமிகள் சீருடையில் குறுக்குக் கட்டைகளில் நின்றிருந்தார்கள். இரண்டு பேர் இறந்துவிட்டார்கள். அந்தக் காணொளியை என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை.

கட்டையில் வரிசையாக நிற்பது பழைய மரியாதை. ஆட்கள் எல்லாம் வெறுங்கையோடு மேலே நிற்கிறோம், பீரங்கியருகே யாரும் இல்லை, நாங்கள் நட்பாக வந்திருக்கிறோம் என்று காட்டுவது என்பார்கள். அழகான வழக்கம்தான். ஆனால் என் கருத்தைக் கேட்டால், குறுகலான நீரில் கப்பல் திரும்பி முடிக்கும்வரை மேலே யாரும் வேண்டாம். திறந்த நீருக்கு வந்ததும் ஏறி நிற்கட்டும். கரையிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதனால் ஒன்றும் குறையாது.

பாய் விரிக்க ஏறுவது வேறு விஷயம், அது வேலை. இடுப்பிலும் தோளிலும் பட்டைப் பாதுகாப்பு இருக்கும். கட்டையின் கீழே ஓடும் கயிற்றில் கால் வைத்து, வயிற்றைக் கட்டையின் மேல் அழுத்தி, இரண்டு கையாலும் வேலை செய்வார்கள். ஏறும்போது பாருங்கள், காற்று அடிக்கும் பக்கத்துக் கயிற்றேணியில்தான் ஏறுவார்கள். காற்றே அவர்களை ஏணியோடு சேர்த்து அழுத்தும். மறுபக்கம் ஏறினால் அதே காற்று ஆளை ஏணியிலிருந்து பிய்க்கப் பார்க்கும். முதல் முறை ஏறுகிற பிள்ளை யார், பழகிய பிள்ளை யார் என்று தொலைநோக்கியில் நன்றாகவே தெரியும். புதியவர் ஒவ்வொரு படியிலும் நின்று பார்ப்பார்.

இழுவைப் படகுகளையும் பாருங்கள். கூட்டம் முழுக்கப் பெரிய கப்பலைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது, முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு அந்தக் குட்டிப் படகுகள்தான் பாரத்தைத் தாங்கும். கயிறு எப்போது இறுகுகிறது, எப்போது தளர்கிறது என்று கவனித்தால் கப்பல் அடுத்து எந்தப் பக்கம் போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அவர் பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கலாம்.

பாலம் எதுவும் உங்கள் துறைமுகத்தில் குறுக்கே இருந்தால் அதன் மேலேயோ நேர் கீழேயோ நிற்காதீர்கள். கப்பல்கள் கிளம்பும் மேடைக்கு ஒட்டியும் வேண்டாம், இறுகிய கயிறு அறுந்தால் சாட்டை போல வீசும். நான் சொன்ன வளைவு தூரமானது, பாதுகாப்பானது.

வரலாற்று டீச்சர்:

நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறேன், அதனால் உள்ளே வருகிறேன்.

பிள்ளைகளைப் போர்க்கப்பல் பார்க்கக் கூட்டிப்போவதில் எனக்குத் தயக்கம் உண்டு. போக வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, நானே மாணவர்களைக் கூட்டிப்போவேன். ஆனால் அங்கே எல்லாம் கழுவித் துடைத்து, கொடி கட்டி, பாட்டு வாத்தியத்தோடு நிற்கும். இது எதற்காகக் கட்டிய கப்பல், இதுவரை என்ன செய்திருக்கிறது என்று பிள்ளை கேட்டால் மழுப்பக் கூடாது.

பாய்மரக் கப்பலுக்கும் அதே கேள்வி உண்டு. சிலியின் எஸ்மெரால்டா நான்கு கம்பத்தோடு, வெள்ளை உடலோடு, கண்ணைப் பறிக்கும் கப்பல். 1973 செப்டம்பரில் சிலியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது வால்பரைசோவில் அதே கப்பலில் மக்களை அடைத்து வைத்துச் சித்திரவதை செய்தார்கள். அதன் பிறகு அது போன பல துறைமுகங்களில், தப்பி வந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும் கரையில் படங்களை ஏந்தி நின்றிருக்கிறார்கள். அந்தக் கப்பல் வரும் துறைமுகத்தில் நான் இருந்தால் மாணவர்களுக்கு இரண்டையும் சொல்வேன், பாயின் அழகையும் கீழ்த்தளத்தில் நடந்ததையும்.

மகனுக்குப் பிடிக்கக்கூடிய இன்னொரு கதையும் இருக்கிறது. 1897 ஜூன் 26, விக்டோரியா அரசியின் ஆட்சியின் வைர விழாவுக்காக இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட்டில் போர்க்கப்பல்கள் வரிசை வரிசையாக நங்கூரமிட்டு நின்றன. அழைப்பில்லாமல் ஒரு சின்னக் கப்பல் அந்த வரிசைகளுக்கு நடுவே பாய்ந்து ஓடியது. டர்பினியா என்று பெயர். சார்லஸ் பார்சன்ஸ் கண்டுபிடித்த நீராவிச் சுழலி எஞ்சின் அதில் இருந்தது. வேகம் 34 நாட் வரை, அதாவது மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர் வரை போகும். விரட்டிய கடற்படைப் படகுகளால் பிடிக்க முடியவில்லை. உலகத்துக்கு முன்னால் பலத்தைக் காட்டக் கூட்டிய கூட்டத்தில், அங்கே நிற்கும் அத்தனை எஞ்சினும் பழசாகிவிட்டது என்று ஒரு பொறியாளர் காட்டிவிட்டார். ஒன்பது ஆண்டில், 1906-இல், அதே கடற்படையின் டிரெட்நாட் என்ற போர்க்கப்பல் சுழலி எஞ்சினோடு வந்தது. டர்பினியாவை இன்றும் நியூகாசிலில் ஓர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

கொடிமரம்:

டீச்சர், டர்பினியா கதை அருமை. ஐயா சொன்னதைப் படித்த பிறகு நானும் புறப்படும் நாளையும் சேர்த்துக்கொள்ளப் போகிறேன். ஆனால் தளத்தில் ஏறிப் பார்ப்பதற்கு ஈடில்லை என்பதை இன்னும் விடமாட்டேன்.

நெய்தல் அக்காவுக்கு ஒரு தகவல். மரைன்டிராஃபிக் மாதிரிச் செயலியை போனில் போட்டுக்கொண்டால் பாய்மரக் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பெயரோடு தெரியும். போர்க்கப்பல்கள் பெரும்பாலும் தெரியாது. தங்கள் இடத்தை அறிவிக்க வேண்டும் என்ற விதி அவற்றுக்குக் கிடையாது. எனவே வரைபடத்தில் ஒன்றும் இல்லை, எதிரே சாம்பல் நிறத்தில் ஒன்று வருகிறது என்றால் குழம்ப வேண்டாம். பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் வைத்துத் தேடுங்கள்.

நெய்தல்:

முடிவாகிவிட்டது, புறப்படும் நாளுக்குத்தான் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரைபடத்தில் வளைவும் கிடைத்தது. கிழக்குப் பார்த்த கரை, அதனால் மதியத்துக்கு மேல்தான் சூரியன் முதுகுப் பக்கம் வரும். காலையில் போகும் கப்பல்கள் நிழலுருவாகத் தெரியும் என்று நினைக்கிறேன், பரவாயில்லை.

டீச்சர், எஸ்மெரால்டா பற்றி எனக்குத் தெரியாது. அது வரும் பட்டியலில் இல்லை. இருந்தாலும் மகனிடம் சொல்வேன். அவன் வயதுக்கு எவ்வளவு சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஐயா, கடைசியாக ஒன்று. தொலைநோக்கி வாங்க வேண்டும். எத்தனை மடங்கு பெருக்குவதை வாங்குவது?

பழைய மாலுமி:

பெரிய எண்ணைப் பார்த்து ஆசைப்படாதீர்கள் அம்மா. கப்பல்களில் நாங்கள் வைத்திருப்பது 7x50. ஏழு மடங்கு, முன்கண்ணாடியின் விட்டம் 50 மில்லிமீட்டர். படம் ஆடாது, வெளிச்சம் குறைந்தாலும் தெளிவாகத் தெரியும். ஆனால் கனம் அதிகம், ஒன்பது வயதுக் கைக்கு ஆகாது. பையனுக்கு 8x32 வாங்கிக் கொடுங்கள். மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றிப் பார்த்தால் 10x42 கூடச் சமாளிக்கலாம். அதற்கு மேல் ஸ்டாண்டு இல்லாமல் வேண்டாம்.

காலையில் கப்பல்கள் சூரியனுக்கு எதிரே இருக்கும் என்கிறீர்கள். தொலைநோக்கியைச் சூரியன் பக்கம் திருப்பக் கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் கம்பங்களை எண்ணட்டும், நிழலுருவில்தான் குறுக்குக் கட்டைகள் மிகத் தெளிவாகத் தெரியும். மதியத்துக்கு மேல் கொடியும் நிறமும் பார்த்துக்கொள்ளலாம்.